லேசர் பொறிப்பு இயந்திரம்: வாங்கும் முன் வாசகர்கள் கேட்டவை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி லேசர் பொறிப்பு இயந்திரத்தைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, சிறு பட்டறையும் கடையும் நடத்துவோர் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

வாசகர், கும்பகோணம்: எங்கள் பாத்திரக்கடையில் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டித் தந்த பெரியவர் வயது காரணமாக வேலையை விட்டுவிட்டார். அவரிடத்தில் ஓர் இயந்திரம் வைக்கலாம் என்று நினைக்கிறோம். இணையத்தில் 40 வாட் டையோடு லேசர் முப்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எல்லா உலோகத்திலும் பொறிக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. நேரில் பார்த்த விற்பனையாளரோ 20 வாட் ஃபைபர் லேசரை இரண்டு லட்சத்தை ஒட்டிய விலைக்குச் சொல்கிறார். 40 வாட்டைவிட 20 வாட் எப்படி உயர்ந்ததாகும்?

உங்கள் கடைக்கு ஃபைபர் லேசர்தான் வேண்டும். அந்த முப்பதாயிரம் ரூபாய் இயந்திரம் உங்கள் வேலைக்கு உதவாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பிற கடிதங்களுக்கான பதில்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

லேசர் ஒளி ஒரு பொருளைச் சுட வேண்டுமானால், அந்தப் பொருள் அந்த ஒளியை உள்வாங்க வேண்டும். உள்வாங்குமா, ஊடுருவ விடுமா, திருப்பி அனுப்பிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது வாட் அன்று, ஒளியின் அலைநீளம். சிறு பட்டறையின் கைக்கு எட்டும் இயந்திரங்கள் மூன்று வகை. டையோடு லேசர் ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தருகிறது. கரியமில வாயுக் குழாயைக் கொண்ட லேசர், அதாவது கடைக்காரர்கள் ‘சிஓடூ’ என்று சொல்வது, கண்ணுக்குத் தெரியாத 10,600 நானோமீட்டர் ஒளியைத் தருகிறது. ஃபைபர் லேசரின் ஒளி 1,064 நானோமீட்டர். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. மரம், தோல், காகிதம், அக்ரிலிக், கண்ணாடி ஆகியவை சிஓடூ ஒளியை நன்றாக உள்வாங்குகின்றன. பளபளப்பான உலோகமோ அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஃபைபர் ஒளி இதற்கு எதிரானது: உலோகத்தில் வேலை செய்யும், மரத்தையோ நிறமற்ற அக்ரிலிக்கையோ அறுக்க உதவாது.

அலைநீளம் ஒருபுறமிருக்க, ஃபைபர் லேசருக்கு வேறொரு வலிமையும் உண்டு. அது ஒளியைத் தொடர்ச்சியாக விடாமல், நொடிக்குப் பல்லாயிரம் துடிப்புகளாக விடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரத்தை ஒட்டியே நீடிப்பதால், சராசரி 20 வாட்டாக இருந்தாலும் துடிப்பின் உச்சத்தில் பல ஆயிரம் வாட் திறன் ஒரு மிகச் சிறிய புள்ளியில் விழுகிறது. வெப்பம் பக்கவாட்டில் பரவுவதற்குள் அந்தப் புள்ளி ஆவியாகிவிடுகிறது. டையோடு லேசர் தொடர்ச்சியாகச் சுடுவதால், அது தரும் வெப்பத்தைப் பித்தளையும் செம்பும் உடனுக்குடன் தம் உடம்பு முழுவதும் பரப்பிவிடுகின்றன, அடையாளம் விழுவதில்லை.

இனி அந்த 40 வாட்டுக்கு வருவோம். இந்த விலையில் வரும் டையோடு இயந்திரங்களில் பெரிய எழுத்தில் போடப்படும் எண் பல நேரங்களில் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் அளவே. ஒரு நீல டையோடு தரும் ஒளி 5 அல்லது 6 வாட்தான். உண்மையான 10 வாட் ஒளி வேண்டுமென்றால் இரண்டு டையோடுகளையும், 20 வாட்டுக்கு நான்கையும் ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். ஆகவே, ‘எத்தனை வாட்’ என்று கேட்காமல், ‘ஒளி வெளியீடு எத்தனை வாட்’ என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். உண்மையான 10 வாட் டையோடு எவர்சில்வரைச் சூடாக்கிக் கருமையான எழுத்தை உண்டாக்கக்கூடியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது மெதுவான வேலை. முகூர்த்த நாளுக்கு முந்திய வாரம் வரிசையில் காத்திருக்கும் பாத்திரங்களுக்கு அந்த வேகம் போதாது, பித்தளைக்கோ அது பயனே இல்லை.

ஃபைபர் லேசரில் எவர்சில்வருக்கு இரண்டு விதமாகப் பெயர் போடலாம். ஒன்று, மேற்பரப்பைச் சூடாக்கி, பொருளை அகற்றாமலே கறுப்பு நிறத்தை வரவழைப்பது. அது பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கருமை மெல்லிய ஆக்சைடுப் படலம் மட்டுமே என்பதால் புளி, எலுமிச்சை போன்ற அமிலங்களும் தேய்ப்பு நாரும் நாளடைவில் அதை மங்கச் செய்யும். மற்றது, உலோகத்தைச் சிறிது அகழ்ந்து எழுதுவது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமான குரோமியம் ஆக்சைடுப் படலம் அகழ்ந்த இடத்தில் சிதைவதால், அளவுக்கு மீறிச் சுட்டால் எழுத்தின் ஓரத்தில் செம்பழுப்பான துரு தோன்றலாம். ஆழமில்லாமல், வேகமாக, ஒருமுறைக்கு இருமுறை மெல்லியதாக ஓட்டுவதே அன்றாடப் பாத்திரத்துக்கு ஏற்றது. பித்தளையில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கப்படும் பாத்திரத்தில் மேலோட்டமான எழுத்து ஓராண்டு தாங்காது; பல முறை ஓட்டி, விரல் நுனிக்குத் தட்டுப்படும் ஆழம் கொண்டுவர வேண்டும். உங்கள் பக்கத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் அடித்தட்டு கனமான வார்ப்பு என்பதால் அதற்கு இடம் கொடுக்கும். பித்தளையை ஆழமாக வெட்டும்போது துத்தநாகப் புகை எழும்; அதைச் சுவாசிக்கக் கூடாது, வெளியே இழுத்துவிடும் குழாய் கட்டாயம்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டைவிட நீங்கள் கவனிக்க வேண்டியவை லென்ஸும், லேசர் தலையைத் தாங்கி ஏற்றி இறக்கும் தூணும். 110 மில்லிமீட்டர் சதுரப் பரப்பில் எழுதும் லென்ஸ்தான் இவற்றில் வழக்கமாக வருவது. புள்ளி கூர்மையாக விழும். ‘பெரிய பரப்பு’ என்று சொல்லி 200 மில்லிமீட்டருக்கான லென்ஸைத் தந்தால், ஒளிப்புள்ளி பெரிதாகி வெட்டும் வலிமை குறையும். டம்ளரும் கிண்ணமும் வைத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை வாங்கியவர்கள், அண்டாவும் குடமும் வரும்போது தலையை அதற்குமேல் உயர்த்த முடியாமல் தவிப்பதுண்டு. உங்கள் கடையிலேயே உயரமான பாத்திரத்தை அளந்து, அதோடு லென்ஸிலிருந்து பாத்திரத்துக்கு விட வேண்டிய இடைவெளியையும் கூட்டி, தூணின் உயரத்தைக் கேளுங்கள். வளைந்த பரப்பில் குவியம் சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வை மட்டுமே பொறுக்கும். ஒரு சிறு பெயரை டம்ளரில் அப்படியே எழுதிவிடலாம், ‘மணமக்களுக்கு அன்புடன்’ என்று சுற்றிவர எழுத வேண்டுமானால் பாத்திரத்தைச் சுழற்றும் ரோட்டரி தேவைப்படும்.

துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய மோப்பா வகையை, எவர்சில்வரில் நிறங்கள் வரவழைக்கலாம் என்று சொல்லி விற்பார்கள். அது உண்மைதான், ஆனால் பெயர் வெட்டும் தொழிலுக்கு அந்தக் கூடுதல் விலை வீண். ரேகஸ், மேக்ஸ், ஜேபிடி என்பவை இந்த விலையில் வழக்கமாக வரும் சீன ஒளிமூலங்கள். அவற்றுள் எது என்பதையும், அதன் தொடர் எண்ணையும், உத்தரவாதத்தை யார் தருகிறார் என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கடையின் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, பித்தளைச் சொம்பு ஒன்று, செம்புத் தட்டு ஒன்று ஆகியவற்றை எடுத்துச் சென்று, உங்கள் கண்ணெதிரில் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்துக்கொண்டு, வீட்டில் ஒரு வாரம் வழக்கம்போலத் துலக்கிப் பாருங்கள். விற்பனையாளர் தம் மாதிரித் தகட்டில் மட்டும் எழுதிக் காட்டினால் அதை ஏற்க வேண்டாம்.

வாசகர், மதுரை: நினைவுப் பரிசு, வீட்டுப் பெயர்ப்பலகை ஆகியவை செய்து வருகிறேன். அக்ரிலிக், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், சன்போர்டு ஆகியவற்றை இப்போது வெளியே கொடுத்து அறுத்து வாங்குகிறேன். ‘கே40’ எனப்படும் சிறிய சிஓடூ இயந்திரம் போதுமா, பெரியதாக வாங்க வேண்டுமா?

முதலில் சன்போர்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது நுரையாக்கப்பட்ட பிவிசி. லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்குவதோடு, காற்றின் ஈரத்தில் அமிலமாகி இயந்திரத்தின் தண்டவாளங்களையும் லென்ஸையும் அரித்துவிடும். ஃப்ளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர் ஆகியவையும் அப்படியே. சன்போர்டைச் சுழலும் வெட்டுமுனை கொண்ட ரூட்டரில் அறுப்பதே முறை.

மற்ற மூன்றுக்கும் சிஓடூ சரியான தேர்வு. இந்த லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். நிறமற்ற அக்ரிலிக்கை டையோடு லேசரால் அறுக்கவே முடியாது. நீல ஒளி, சன்னல் கண்ணாடியில் வெயில் நுழைவதுபோல அதற்குள் நுழைந்து வெளியேறிவிடும். சிஓடூவில் அதே அக்ரிலிக் மெருகேற்றியது போன்ற விளிம்போடு அறுபடும். அக்ரிலிக் வாங்கும்போது வார்ப்பு வகையா, அச்சில் பிதுக்கிய வகையா என்று கேளுங்கள். வார்ப்பு அக்ரிலிக்கில் எழுத்து பனிபடர்ந்த வெண்மையாகத் தெரியும். பிதுக்கியதில் எழுத்து கண்ணாடிபோல நிறமின்றியே இருந்துவிடுவதால் எடுப்பாகத் தெரியாது. பிளைவுட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டின் பீனாலிக் பசை லேசரை எளிதில் விடாது, விளிம்பு கரியாகும். ஐஎஸ் 303 வகையில் மெல்லியதாக, உள்ளே பொத்தல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

கே40-இன் பரப்பு ஏறத்தாழ 300-க்கு 200 மில்லிமீட்டர். நினைவுப் பரிசுக்கு அது போதும், பெயர்ப்பலகைக்குப் போதாது. 40 வாட் என்ற பெயரும் சற்று மிகைதான். சிஓடூ குழாயின் திறன் அதன் நீளத்தைப் பொறுத்தது. கே40-க்குள் அடங்கும் 700 மில்லிமீட்டர் குழாய் 30 அல்லது 35 வாட்டுக்கு மேல் நிலையாகத் தராது. உண்மையான 60 வாட் குழாய் ஒரு மீட்டர் அல்லது அதற்கும் நீளமானது. ஆகவே, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், பின் மூடியைத் திறக்கச் சொல்லி, அளவு நாடாவால் குழாயை அளந்துவிடுங்கள். நீங்கள் செய்யும் இருவகை வேலைக்கும் சேர்த்து, 600-க்கு 400 மில்லிமீட்டர் பரப்பும் 60 வாட் குழாயும் உள்ள இயந்திரத்தையே பரிந்துரைப்பேன். முன்னும் பின்னும் திறந்து, நீளப் பலகையை ஊடாகச் செலுத்த வழி இருந்தால் இன்னும் நல்லது.

விலைப்பட்டியலில் யாரும் முன்னால் சொல்லாத செலவு குளிர்விப்பு. இந்தக் கண்ணாடிக் குழாயைச் சுற்றி எந்நேரமும் நீர் ஓட வேண்டும். அந்த நீர் 25 பாகைக்கு உட்பட்டிருப்பதே நல்லது, 30-ஐத் தாண்டினால் திறன் குறைவதோடு குழாயின் ஆயுளும் தேயும். மதுரைச் சித்திரை வெயிலில் பட்டறைக்குள் வாளியில் வைத்த நீர் காலை பத்து மணிக்கே அந்த அளவை எட்டிவிடும். சிடபிள்யூ 3000 என்ற பெயரில் மலிவாக வரும் கருவி உண்மையில் விசிறி வைத்த ரேடியேட்டர் மட்டுமே. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் நீரை ஆக்க முடியாது. நம் ஊருக்குக் கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ 5000 வகைச் சில்லர் வேண்டும். அதற்காக நீரை 15 பாகைக்கு இறக்கிவிடவும் வேண்டாம். புழுக்கமான நாளில் குழாயின் மேலும் லென்ஸின் மேலும் ஈரம் வியர்த்து, உயர் மின்னழுத்தம் பாயும் இடத்தில் பொறி தட்டும். 22 முதல் 25 வரை வைத்தால் போதும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். ஆழ்குழாய் நீரின் உப்பு குழாய்க்குள் படியும், மின்சாரத்தையும் கடத்தும். இந்தக் குழாயில் 15,000 வோல்ட்டும் அதற்கு மேலும் வேலை செய்கிறது என்பதால், தனி எர்த் போடாமல் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. மூடியைத் திறந்ததும் லேசர் நிற்கிறதா, நீரோட்டம் நின்றதும் லேசர் நிற்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். மலிவு இயந்திரங்கள் பலவற்றில் இவ்விரண்டு பாதுகாப்பும் இருப்பதில்லை.

அறுக்கும் இடத்தில் காற்றை ஊதும் சிறு கம்ப்ரசர், புகையை வெளியேற்றும் விசிறியும் குழாயும், கரியமில வாயுத் தீயணைப்பான் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். அக்ரிலிக் எரியக்கூடியது. வேலை ஓடும்போது டீ குடிக்க வெளியே போகும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிட வேண்டும்.

வாசகர், திண்டுக்கல்: தோல் பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து ஆகியவற்றில் பெயரும் படமும் பொறித்துத் தர விரும்புகிறேன். குறைந்த முதலீட்டில் எது சரி?

உங்களுக்குத்தான் டையோடு இயந்திரம் பொருந்தும். உண்மையான 10 வாட் ஒளி வெளியீடும், சுற்றிலும் மூடிய பெட்டியும் உள்ள ஒன்று, ஐம்பதாயிரத்தை ஒட்டிய முதலீட்டில், உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். தோலில் 5 வாட்டும் எழுதும். 10 வாட்டில் மெல்லிய தோலை அறுக்கவும் முடியும்.

ஆனால் எந்தத் தோல் என்பது முக்கியம். ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் லேசருக்கு மிக இணக்கமானது. எழுத்து ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் அழகாக விழும். உங்கள் ஊரில் அது கிடைப்பதே உங்களுக்குப் பெரிய வசதி. குரோம் பதனிட்ட தோலில் எழுத்து சாம்பல் பூத்ததுபோல் வரும். சூட்டில் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவமாக மாறக்கூடும் என்பதால், புகை நீக்கும் ஏற்பாடு இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

‘ரெக்சின்’ என்று கடையில் தருவது பெரும்பாலும் பிவிசி பூசிய துணி. அதை லேசரில் வைக்கக் கூடாது. ஐயம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. செம்புக் கம்பியின் நுனியை நீலச் சுடரில் நிறம் எதுவும் எழாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு அந்தப் பொருளில் ஒற்றி, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது என்று பொருள். அந்தப் பொருளை ஒதுக்கிவிடுங்கள். சோதனையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள்.

வாசகர், கிருஷ்ணகிரி: கருங்கல் பலகையில் உருவப்படம் பொறிக்க எந்த லேசர்?

மெருகேற்றிய கறுப்பு கிரானைட்டுக்கு டையோடு, சிஓடூ இரண்டும் பயன்படும். லேசர் பட்ட இடம் வெளிறுவதால் படம் உருவாகிறது. கனமான கல்லைப் பெட்டிக்குள் ஏற்ற இயலாது என்பதால், இங்கே அடித்தளம் இல்லாத திறந்த சட்ட டையோடு இயந்திரத்தைக் கல்லின் மேலேயே வைத்து எழுதலாம். இதற்கு மட்டும் திறந்த சட்டத்தை நான் ஏற்கிறேன், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, அறையைப் பூட்டிக்கொண்டு செய்வதானால். ஆனால் லேசர் மேல்மெருகைத்தான் தொடும். திறப்புவிழாக் கல்வெட்டுப்போல மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டிய எழுத்துகளுக்கு உளியோ மணல்வீச்சோதான்.

வாசகர், தஞ்சாவூர்: ஃபைபர் இயந்திரம் வாங்கிவிட்டேன். ஆங்கிலப் பெயர் சரியாக வருகிறது. தமிழில் தட்டினால் ‘கொ’ உடைந்து ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன, புள்ளியும் விலகிப் போகிறது. இயந்திரத்தின் கோளாறா?

இயந்திரத்தின் மேல் பழி இல்லை. அதனுடன் வந்த மென்பொருளின் குறை. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது; கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்கும் வேலையை எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்ய வேண்டும். ஈசிகேட் போன்ற பொறிப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகள் அதைச் செய்வதில்லை.

ஆகையால் அதற்குள் தமிழைத் தட்டவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலோ, உங்களிடம் கோரல்டிரா இருந்தால் அதிலோ, பெயரைத் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும், கோரலில் கண்ட்ரோலும் கியூவும் அழுத்தினாலும் அது நடந்துவிடும். அதன்பின் அது எழுத்தன்று, வெறும் கோடு. எந்த மென்பொருளும் அதை உடைக்க முடியாது. அதை டிஎக்ஸ்எஃப் அல்லது பிஎல்டி கோப்பாகச் சேமித்து, பொறிப்பு மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். இதில் இன்னொரு சிக்கல் பலருக்குப் பிடிபடுவதில்லை. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் உயிர்க்குறி மெய்யின் மேல் சற்றே ஏறி அமர்ந்திருக்கும். உள்ளே நிரப்பி எழுதும்போது அந்த ஏறிய பகுதி மட்டும் வெறுமையாக விட்டுப் போகும். கோட்டுருவமாக்கிய பின் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒன்றிணைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் அந்த ஓட்டை மறையும்.

அச்சகத்தார் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்துவதைக் காண்கிறோம். அதில் ஒவ்வொரு வடிவமும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், அது எந்த மென்பொருளிலும் உடையாமல் வரும். அவசரத்துக்கு அது உதவும், ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு பெயரை அதில் அப்படியே ஒட்ட முடியாது. திரும்பத் தட்டும்போது எழுத்துப்பிழை நுழையும். எந்த முறையானாலும், திரையில் தெரியும் பெயரை வாடிக்கையாளருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். வெட்டிய பெயரை அழிக்க வழியில்லை; ‘ழ’வும் ‘ள’வும் மாறிப்போன குத்துவிளக்கை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: வீட்டின் முன்னறையில் இயந்திரத்தை வைக்கலாமா? இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போதும் என்கிறார்கள்.

வெயில் கண்ணாடி போதாது. இந்த இயந்திரங்கள் எல்லாமே நான்காம் வகை லேசர். நேராக விழும் ஒளி மட்டுமன்றி, பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கண்ணைப் பறிக்கக்கூடியது. ஃபைபர் லேசர் இதில் மிகவும் வஞ்சகமானது. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாததால் இமை அனிச்சையாக மூடாது; ஆனால் விழியின் லென்ஸ் அதைக் கூர்மையாகக் குவித்து விழித்திரையில் விழச் செய்யும். அந்தச் சேதம் மீளாதது. சிஓடூ ஒளி விழியின் மேற்பரப்பைச் சுடும்.

பாதுகாப்புக் கண்ணாடி ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனி. 450-க்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடி 1,064-ஐத் தடுக்காது. கண்ணாடியின் மேல் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்பது அச்சிடப்பட்டிருக்க வேண்டும், அச்சில்லாததை வாங்காதீர்கள். அதைவிட நல்லது, ஒளியே வெளியே வராதபடி முழுவதும் மூடிய, மூடியைத் திறந்ததும் அணையும் பெட்டி இயந்திரம்.

முன்னறை வேண்டாம். குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் இதற்கு இடமில்லை. தனி அறையோ பூட்டக்கூடிய கொட்டகையோ இருந்து, புகைக்குழாயைப் பக்கத்து வீட்டுச் சன்னலை நோக்காமல் கூரைக்கு மேல் கொண்டுபோக முடிந்தால் மட்டும் தொடங்குங்கள். எம்டிஎஃப்பின் பசையில் பார்மால்டிஹைடு இருக்கிறது. அதன் புகையைக் குளிரூட்டிய அறையில் வடிகட்டி மட்டும் வைத்துச் சமாளிக்க நினைப்பது சரியன்று.

வாசகர், ஈரோடு: பழைய சிஓடூ இயந்திரம் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

குழாயின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கண்ணாடிக் குழாய் தேய்பொருள். ஓடாமல் கிடந்தாலும் அதன் வாயு மெல்லக் கெடும். ஆகவே, ‘அதிகம் ஓட்டவில்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. குழாயில் ஒட்டியுள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பிறகு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டைப் படுக்கையின் நான்கு மூலையிலும் அறுக்கச் செய்யுங்கள். நான்கிலும் ஒரே மாதிரி அறுபடாவிட்டால் எதிரொளிக் கண்ணாடிகள் விலகியிருக்கின்றன, அதைச் சரிசெய்யலாம். எங்குமே அறுபடாவிட்டால் குழாய் முடிந்தது. கட்டுப்பாட்டு அட்டை ரூயிடா வகையாக இருந்தால் உதிரியும் மென்பொருளும் எளிதில் கிடைக்கும். ஃபைபர் இயந்திரம் பழையதாக வந்தால் எனக்கு இவ்வளவு தயக்கம் இருக்காது, ஏனெனில் அதன் ஒளிமூலம் பல ஆண்டுகள் தாங்கக்கூடியது.

வாசகர், திருநெல்வேலி: கடை ஏற்கெனவே நடக்கிறது. இயந்திரத்துக்கு அரசுக் கடன் கிடைக்குமா?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. நடந்துகொண்டிருக்கும் உங்கள் கடைக்கு அது பொருந்தாது. நீங்கள் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவுகளில் அது வழங்கப்படுகிறது. டையோடு இயந்திரம் முதல் பிரிவிலும், ஃபைபர் அல்லது சிஓடூ இரண்டாம் பிரிவிலும் அடங்கும். சில்லர், ரோட்டரி, புகைக்குழாய், எர்த் செலவு ஆகியவற்றையும் விலைப்புள்ளியில் சேர்த்து வாங்குங்கள். வங்கி பெரும்பாலும் விலைப்புள்ளியில் உள்ளதற்கே கடன் தரும். பிறகு நினைவுக்கு வருவதைக் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். நீங்கள் (காம்போசிஷன் முறையில் அல்லாமல்) வழக்கமான ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால், இயந்திரத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் பதிவு எண் போட்ட பில் வேண்டும் என்பதால், தனிப்பெயரில் இணையத்தில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றித் தரச் சொல்லி அலையாதீர்கள்.